நகம் மாட்டினால் பீஸ் போச்சு! வீட்டிலேயே மேனிக்யூர்: எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

திருப்பூரில் நகம் என்பது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. பனியன் துணி, வேட்டி சேலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நூலில் நெய்தது அல்ல. ஒன்றுக்குள் ஒன்று கோத்த சின்னச் சின்ன வளையங்களால் பின்னியது. உடைந்த நகத்தின் முனை ஒரு வளையத்தை இழுத்தாலே பக்கத்து வளையங்களும் சேர்ந்து சுருங்கிவிடும். நூல் அறுந்தால் ஓட்டை வரிசையாக இறங்கும். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க பீஸைப் புரட்டுகிறவர்களுக்கும், பிசிர் வெட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

துணியும் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் உரசும் பருத்தி, கையின் ஈரப்பசையை இழுத்துக்கொள்கிறது. சாயப்பட்டறை என்றால் சோடா, பெராக்சைடு, சோப்பு என்று இன்னும் மோசம். அங்கே கையுறை இல்லாமல் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்த க்ரீம் தடவினாலும் புண்ணியமில்லை.

சரி, சனிக்கிழமை சம்பளம் வந்தாச்சு, ஞாயிறு லீவு. பார்லர் போகாமல் வீட்டிலேயே செய்ய என்ன வேண்டும்? நகவெட்டி, நல்ல அரம் (கண்ணாடி அரம் கிடைத்தால் உத்தமம்), தேங்காய் எண்ணெய். காங்கேயம் பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெய்க்கு யாரும் ஆன்லைனில் தேட மாட்டார்கள்!

குளித்து முடித்ததும் நகம் மெத்தென்று இருக்கும். வெட்ட அதுதான் நேரம். அரம் போடுவதோ, நகம் நன்றாகக் காய்ந்த பிறகு. ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேய்த்தால் முனை பிளக்காது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பழைய பனியன் ஒன்றில் விரலை இழுத்துப் பாருங்கள். எங்கேயும் மாட்டவில்லை என்றால் பாஸ்.

இனி முக்கியமான விஷயம். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், அதாவது க்யூட்டிகிள். பல பார்லர்களில் இதை வெட்டி எடுப்பார்கள். வீடியோவில் பார்க்கவும் சுத்தமாகத் தெரியும். ஆனால் அது அழுக்கு இல்லை. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருக்கும் சீல். அதை வெட்டினால் நகச்சுத்திக்கு வாசல் திறந்து விட்ட மாதிரி. வேர்ப்பகுதி வீங்கிப் போனால் முளைக்கும் நகமும் மேடுபள்ளமாக வரலாம். கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகம் மாற 6 மாதம் ஆகும். எனவே எண்ணெய் தடவி, ஈரத் துணியால் மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும். பிரிந்து நிற்கும் தோலைப் பல்லால் கடித்து இழுப்பதும் வேண்டாம். நறுக்கென்று வெட்டிவிடுங்கள்.

எலுமிச்சையைத் தேய்த்தால் நகம் பளபளக்கும் என்பார்கள். வெடித்த தோலில் எரியும். தேய்த்த கையோடு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கறுத்தும் போகும். நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கால்சியம் குறைவு என்பதும் கதைதான். பெரும்பாலும் எப்போதோ வேரில் பட்ட சின்ன அடியின் அடையாளம் அது.

நெயில் பாலிஷ் போடுவதாக இருந்தால், ஊறிய நகத்தில் போடாதீர்கள். தண்ணீரில் நகம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும், மேலே போட்ட பாலிஷ் பெயர்ந்து வரும். மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிடுங்கள். பாலிஷ் அலர்ஜி என்றால் விரலில்தான் அரிப்பு வரும் என்று நினைக்கிறோம். பல நேரம் கண் இமையிலும் கழுத்திலும்தான் தெரியும், காரணம் கை போகும் இடமெல்லாம் அதுவும் போகிறதே! நகத்தைக் கெட்டியாக்கும் சில திரவங்களில் பார்மால்டிஹைடு இருக்கும். துணி சுருங்காமல் இருக்கக் கொடுக்கும் சில பினிஷிங்கிலும் அதே சரக்குதான். வேலையில் ஏற்கெனவே கை அரிப்பவர்கள் பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

அதைவிட யோசிக்க வேண்டியது, சின்ன விளக்கோடு ஆன்லைனில் வரும் ஜெல் பாலிஷ் கிட். அதிலுள்ள அக்ரிலேட், இறுகுவதற்கு முன்பு தோலில் பட்டுப் பட்டு அலர்ஜியாகிவிட்டால் பிறகு பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கும் சில பொருள்களிலும் இதே குடும்பம் இருப்பதால், நாளைக்குப் பல் டாக்டரிடமும் சொல்ல வேண்டி வரும். ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ என்ற வேதிப்பொருளை அழகுசாதனங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை விதித்திருக்கிறது.

நகத்தைச் சுற்றிச் சிவந்து, வலித்து, சீழ் கட்டினால் பாலிஷ் போட்டு மறைக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள், அவர் பார்க்க வேண்டியது நகத்தை!