டானும் கேட்கலை, போலீஸும் கேட்கலை!

கர்நாடகத்தின் மார்டள்ளிப் பக்கத்துப் பெரியவர்களிடம் தலைமறைவுக் கதை பேசினால் சட்டென்று சிரிப்பு வராது. வீரப்பன் காலத்து அதிரடிப்படைக் கெடுபிடி அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 2000-ல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்த ஆளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த ஊரில் போய், டெல்லியின் முன்னாள் சட்ட அமைச்சர் ஒருவர் ஆறே நாள் ஒளிந்தார் என்றால், "அவ்வளவுதானா?" என்பார்கள். அவசரப்படாதீர்கள். திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், அடடா!

கதாநாயகன் சோம்நாத் பாரதி. ஐஐடியில் கணிதம், அப்புறம் சட்டம், அப்புறம் ஆம் ஆத்மி. 2013 டிசம்பரில் மாளவியா நகரில் ஜெயித்த கையோடு சட்ட அமைச்சர். அந்த அரசே இருந்தது 49 நாள்தான். அதற்குள் அவர் அடித்த கூத்துக்கு மற்றவர்களுக்கு ஐந்து வருடம் போதாது!

2014 ஜனவரி 15, நள்ளிரவு. டெல்லியின் கிர்க்கி எக்ஸ்டென்ஷன். ஆதரவாளர்கள் புடைசூழ நிற்கிறார் அமைச்சர். ஒரு வீட்டுக்குள் போதைப்பொருளும் விபசாரமும் நடக்கிறது, இப்போதே புகுந்து பிடியுங்கள் என்று போலீஸிடம் மல்லுக்கட்டுகிறார். வாரண்ட் இல்லாமல் நுழைய முடியாது என்கிறார் உதவி கமிஷனர். கேமராக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன! நம்ம ஊரில் மந்திரி புருவத்தை உயர்த்தினால் ஸ்டேஷனே எழுந்து நிற்கும். டெல்லியில் அது நடக்காது. அங்கே போலீஸ் மத்திய உள்துறையின் கையில். அன்றிரவு ஆப்பிரிக்கப் பெண்களைச் சிறுநீர்ப் பரிசோதனைவரை இழுத்துப்போனதில் மட்டும் சிரிக்க ஒன்றுமில்லை. சோதனையில் போதைப்பொருள் எதுவும் தெரியவும் இல்லை.

சொன்னபடி கேட்காத போலீஸ்காரர்களை சஸ்பெண்ட் செய்யச் சொல்லி முதல்வர் கெஜ்ரிவாலே ரயில் பவன் அருகே தர்ணாவில் உட்கார்ந்தார். ஜனவரிக் குளிரில், நடுத்தெருவில், போர்வைக்குள் ஒரு முதலமைச்சர்!

2015 செப்டம்பருக்கு வருவோம். குடும்ப வன்முறை, கொலை முயற்சி என்று மனைவி கொடுத்த புகாரில் வழக்கு. 22-ம் தேதி உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்ய, ஆள் மாயம்! வாரண்ட் எங்கே என்று அன்று கேட்ட அதே டெல்லி போலீஸ், இப்போது வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு இவரைத் தேடுகிறது. குளிரில் இவருக்காகப் படுத்துக் கிடந்த கெஜ்ரிவால், எதற்கு ஓடுகிறார், சரணடையட்டும் என்று ட்வீட் போட்டுவிட்டார். முதலில் சரணடையுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று 28-ம் தேதி உச்ச நீதிமன்றமும் சொல்ல, அன்றிரவே துவாரகா நார்த் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்.

இனிமேல்தான் டான் வருகிறான். வளர்ப்பு நாய், லாப்ரடார். கர்ப்பமாக இருந்தபோது தன்மீது நாயை ஏவினார் என்பதும் மனைவியின் புகாரில் இருந்தது. அந்தக் குற்றச்சாட்டு விளையாட்டில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க போலீஸ் எடுத்த வழி இருக்கிறதே! டானை வரவழைத்து, எசமான் சொன்னால் கேட்கிறானா என்று பரீட்சை வைத்தார்கள். பத்திரிகைச் செய்திகளின்படி, டான் கட்டளைக்கு அசைந்தே கொடுக்கவில்லை. போலீஸாவது வாரண்ட் கேட்டது. டான் அதைக்கூடக் கேட்கவில்லை!

அக்டோபரில் ஜாமீன். 2024-ல் புதுடெல்லி மக்களவைத் தொகுதியில் நின்று பான்சுரி ஸ்வராஜிடம் தோற்றார். முடிவு வருவதற்கு முன்பு, மோடி மூன்றாம் முறை பிரதமரானால் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று சபதம் வேறு. மோடி பிரதமரானார். தனியாகவா ஜெயித்தார், கூட்டணிதானே என்று சொல்லி முடியைக் காப்பாற்றிக்கொண்டார் நம் ஆள்.

மனைவி? இருவரும் எப்போதோ சமாதானமாகிவிட்டார்கள். அந்தத் தேர்தல் சமயத்தில் நிர்மலா சீதாராமன் இவர்களுடைய பழைய குடும்பத் தகராறைக் கிளற, 2025-ல் அவர்மீது டெல்லி நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது யார் தெரியுமா? அன்று புகார் கொடுத்த அதே மனைவி!