கியர் மாற்றும் வேளை

சிறிய டீசல் கார் வைத்திருப்போர் பலர், எண்ணெய்ச் செலவைக் குறைப்பதாக எண்ணி, வண்டி நகர்ந்த மாத்திரத்தே மேல் கியருக்குத் தாவுவதை நாம் காண்கின்றோம். சிக்கனம் நல்லதே, ஆயின் வேளையறியாச் சிக்கனம் நட்டத்திலேயே முடியும்.

டீசல் எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே நன்கு இழுக்கும் இயல்பினது. எனினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. சுசுக்கி ஸ்விஃப்ட் காரில் வந்த 1248 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் இழுவை உச்சம் பெறுவது நிமிடத்துக்கு 2000 சுழற்சியிலாகும். 1500 அளவிற்குக் கீழே, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ போதிய உதவி புரியாது.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றுகையில் சுழற்சி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழும். சமதரையில் 1800இல் மாற்றினால் 1200க்கு இறங்கி எஞ்சின் முனகும். 2400இல் மாற்றினால் 1600இல் நின்று இலகுவாக இழுக்கும். 3000ஐக் கடந்தும் அதே கியரில் விரட்டுவதோ எண்ணெயை வீணாக்குவதாகும்.

மலைப்பாதையில் இன்னும் விழிப்பு வேண்டும். கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில், வண்டி திணறும்வரை காத்திராது முன்னரே கீழ்க் கியருக்கு வருதல் நன்று. திணறும் எஞ்சினை மிதித்து விரட்டினால் கரும்புகை கக்கும், உறுப்புகளும் தேயும். இறக்கத்திலும் கீழ்க் கியரே துணை. பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். பின்னாசனத்தில் மனைவி மக்கள் இருப்பதை மறத்தலாகாது.

சுழற்சிமானி இல்லாதோர் காதையே மானியாகக் கொள்வாராக. எஞ்சின் முனகினால் கீழ்க் கியர். இரைந்தால் மேல் கியர்.