பின்னலாடை மண் – 17: சண்டையை விலக்கப் போனவர்

இரவு ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வீடு திரும்பும் பெண்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதே சாலைகளில், அதே நேரத்தில் கண் விழித்திருக்கும் இன்னொரு தொழிலாளி இந்த வார நாயகர். பெயர் சண்முகவேல். திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு, பணியில் இருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 57.

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகிறவர்களுக்குக் குடிமங்கலம் நால்ரோடு தெரிந்த இடம். இருபுறமும் தென்னந்தோப்பு, காற்றாலை, கோழிப்பண்ணை, நடுவில் நூற்பாலைகள். திருப்பூரில் பனியனாகும் நூல் இப்படிப்பட்ட ஊர்களிலும்தான் திரிக்கப்படுகிறது. பகலில் பரபரப்பாக இருக்கும் இந்த வட்டாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் அடங்கிவிடும். தெருவாக, வரிசையாக வீடுகள் இருக்கும் ஊர்கள் குறைவு. தோட்டத்துக்கு நடுவே ஒரு சாளை (தோட்டத்து வீடு), அதிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி அடுத்த சாளை. இங்கே கூப்பிட்டால் அங்கே கேட்காது.

அந்தத் தனிமை கடந்த சில ஆண்டுகளில் பயமாகவே மாறிவிட்டது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. கொங்குப் பகுதி முழுக்கத் தோட்டங்களில் தனியாக வாழ்கிறவர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள். 'ராத்திரி ரோந்தைக் கூட்டுங்க' என்பதே எல்லாரும் வைத்த கோரிக்கை. காவல்துறை ரோந்தைக் கூட்டியது. அப்படி இரவில் வண்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பாதைகளைச் சுற்றி வந்தவர்களில் சண்முகவேலும் ஒருவர். நாம் கேட்டதற்காகத்தான் அவர் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருந்தார். அவரை நினைக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

சிறப்பு உதவி ஆய்வாளர் என்கிற பதவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேர்வெழுதி நேரடியாக எஸ்.ஐ. ஆகிறவர்கள் வேறு. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று படிப்படியாக ஏறி, சுமார் 25 ஆண்டுகள் கறையில்லாமல் வேலை பார்த்தவருக்குக் கிடைப்பது எஸ்.எஸ்.ஐ. பதவி. பாரா நின்று, பந்தோபஸ்துக்கு அலைந்து, கோர்ட் டூட்டி பார்த்து, திருவிழாவையும் தேர்தலையும் வீட்டில் கழிக்காமலே வயதானவர்கள் இவர்கள். ஊர்க்காரர்களுக்குக் காவல் நிலையத்தில் முகம் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் எஸ்.எஸ்.ஐ.தான். உயர் அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் வீட்டில் என்ன தகராறு, எந்த வரப்பு எத்தனை வருடப் பகை என்பது இவருக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. சண்முகவேலுக்கு இன்னும் மூன்று ஆண்டுகளே பாக்கி.

அன்றிரவு வந்த தகவல் ஒரு குடும்பச் சண்டையைப் பற்றியது. அப்போது மடத்துக்குளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சி.மகேந்திரனுக்குச் சொந்தமான தோட்டத்தில் தங்கி வேலை பார்த்துவந்த ஒரு தந்தைக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கும் குடிபோதையில் தகராறு என்று தகவல். ரோந்தில் இருந்த சண்முகவேல், ஆயுதப்படைக் காவலர் ஒருவருடன் அங்கே போனார். சண்டையை விலக்கினார். காயம்பட்டிருந்த தந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது அரிவாளால் தாக்கப்பட்டார். உடன் சென்ற காவலர் உயிர் தப்பி நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். காவல்துறை சொன்ன சம்பவம் இவ்வளவுதான்.

ஒரு ரவுடியைத் துரத்திப் போகவில்லை. கடத்தல் லாரியை மறிக்கவில்லை. அடிபட்ட ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார். நம் ஊர் போலீசார் இரவில் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன், அப்பனோடு சொத்துக்காக மல்லுக்கு நிற்கிற மகன், சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் காம்பவுண்டு வீட்டில் கிளம்பும் அடிதடி. இவற்றில் முக்கால்வாசி வழக்காகவே பதிவாவதில்லை. எஸ்.எஸ்.ஐ. போவார், அதட்டுவார், 'காலையில ஸ்டேஷனுக்கு வாங்க, பேசிக்கலாம்' என்று பிரித்து அனுப்புவார். அந்த இரவு ஓர் உயிர் பிழைத்திருக்கும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தடுக்கப்பட்ட கொலைக்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

திருப்பூரில் ஒரு போலீஸ்காரரின் நினைவைப் போற்றுவது எளிதான காரியமில்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1932 ஜனவரி 10ஆம் தேதி தேசியக் கொடியோடு ஊர்வலம் போன குமரன் காவலர்களின் தடியடியில் வீழ்ந்து மறுநாள் உயிர்விட்டார். ரயில் நிலையத்துக்கு அருகில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. நகரத்தின் முதன்மைச் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் முதல் தியாகக் கதையில் போலீஸ், அடித்தவர் பக்கம். பழைய கதை மட்டுமல்ல. சண்முகவேல் இறப்பதற்குச் சுமார் ஐந்து வாரங்கள் முன்பு, 2025 ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். தமிழ்நாடே கொதித்துப் போயிருந்த நேரம். அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் நியாயமானதே.

ஆனால் அந்தக் கோபத்துக்கும் சண்முகவேலுக்குச் செலுத்தும் மரியாதைக்கும் முரண்பாடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு காவலாளியை அடித்துக் கொன்ற லத்தியும், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நீண்ட கையும் ஒரே சீருடையில் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கொன்றவர்களுக்குத்தான் லாபம். நல்ல காவலரை நாம் பெயர் சொல்லிப் போற்றும்போது, மோசமான காவலரைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் உரிமையும் நமக்கு வலுப்படுகிறது.

ஆகஸ்ட் 6ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இரங்கல் தெரிவித்தார். குடும்பத்துக்கு ரூ.1 கோடி நிதியுதவியும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. உடல் அரசு மரியாதையுடன் அனுப்பிவைக்கப்பட்டது. அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்தியப் பொருள்கள் மீது கூடுதலாக 25 சதவீத வரி விதிக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து 50 சதவீதம். அமெரிக்க ஆர்டரை நம்பி ஓடும் பனியன் கம்பெனிகள் ஆடிப்போயின. டீக்கடை முதல் ஏற்றுமதியாளர் அலுவலகம் வரை அடுத்த சில வாரங்களுக்கு அதே பேச்சு. வயிற்றுப்பாட்டுக் கவலை வந்தால் ஊர் அதைத்தான் பேசும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிமங்கலத்துச் செய்தி மட்டும் உட்பக்கத்துக்குப் போய், பிறகு அங்கிருந்தும் மறைந்துபோனது.

மறைந்துபோனதற்கு இன்னொரு காரணம், ஆகஸ்ட் 7ஆம் தேதி அதிகாலையில் நடந்தது. கொலையில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்ட மகன், ஆயுதத்தை எடுத்துத் தர அழைத்துச் செல்லப்பட்டபோது காவலரைத் தாக்கினார் என்றும், தற்காப்புக்காகச் சுட்டதில் இறந்தார் என்றும் காவல்துறை அறிவித்தது. தந்தையும் இன்னொரு மகனும் கைதானார்கள். 'சரியான தண்டனை' என்று ஊரில் பலர் சொன்னார்கள். சக ஊழியரைப் பறிகொடுத்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என்கவுன்டரில் ஒருவர் இறந்தால் வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ சுதந்திரமாகப் புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. அந்த விதிமுறைகள் இந்த வழக்குக்கும் பொருந்தும். முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் கூண்டில் ஏறாமலே போய்விட்டார். சண்முகவேல் கடைசியாக என்ன செய்தார், எப்படித் தாக்கப்பட்டார் என்பது சாட்சியாக, ஆவணமாக, தீர்ப்பாக முழுமையாகப் பதிவாகும் வாய்ப்பு அதனால் சுருங்கிவிட்டது. அவர் வாழ்நாளெல்லாம் ஆட்களைப் பிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்தினார். அவருடைய சாவுக்கான நியாயமும் அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

இவருக்கு முன்னால் போனவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 2020 ஜனவரி 8: களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த எஸ்.எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. 2020 ஆகஸ்ட் 18: தூத்துக்குடி மாவட்டத்தில் கொலை வழக்கில் தேடப்பட்டவரைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். 2021 நவம்பர் 21: திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களை விரட்டிக்கொண்டே புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் வரை தனியாகப் போய், பிடித்த இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சோதனைச் சாவடி, ஆடு திருட்டு, குடும்பச் சண்டை. எல்லாம் அன்றாட வேலை. போனவர்கள் எல்லாரும் அடிமட்டக் காவலர்கள். பெரும்பாலும் ஒருவராகவோ இருவராகவோதான் போயிருக்கிறார்கள்.

பூமிநாதன் கொலைக்குப் பிறகு அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இரவு ரோந்து செல்வோர் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினார். அது தேவையான அறிவுரை. ஆனால் துப்பாக்கி மட்டுமே தீர்வாகாது. குடும்பச் சண்டையை விலக்கப் போகிறவர் துப்பாக்கியை உருவிக்கொண்டா கதவைத் தட்டுவார்? அவருக்குத் தேவை கூட இரண்டு ஆள். பரந்து கிடக்கும் கிராமத்து எல்லைக்கு ஏற்ற ஆள்பலம். பக்கத்து நிலையத்திலிருந்து சீக்கிரம் வந்து சேரும் இன்னொரு வண்டி. 57 வயதுக்காரரை இரவுப் பணிக்கு அனுப்பும்போது கூட வலுவான இளைஞர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கும் மேலதிகாரி. ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் மாவட்டம் இது. இதன் இரவுகளைக் காக்க இதைக் கேட்பது பேராசை ஆகாது.

நினைவுகூர நாட்கள் இல்லாமல் இல்லை. 1959 அக்டோபர் 21ஆம் தேதி லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் இறந்தார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாள் காவலர் வீரவணக்க நாள். அந்தந்த ஆண்டில் பணியின்போது உயிரிழந்தவர்களின் பெயர்களை வாசித்து, குண்டு முழங்க அஞ்சலி செலுத்துவார்கள். தமிழ்நாடு அரசு 2025இல் செப்டம்பர் 6ஐக் காவலர் நாளாக அறிவித்தது. சென்னை மாகாணக் காவல் சட்டம் 1859இல் இயற்றப்பட்ட நாள் அது. முதல் காவலர் நாள் கொண்டாடப்பட்டபோது சண்முகவேல் இறந்து ஏறக்குறைய ஒரு மாதம். ஆனால் இந்த விழாக்கள் எல்லாம் ஆயுதப்படை மைதானத்துக்குள்ளேயே, சீருடைக்காரர்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. யாருக்காக அவர்கள் இறந்தார்களோ அந்த மக்கள் அங்கே இருப்பதில்லை.

வரும் அக்டோபர் 21 காலையில் நம் மாவட்டத்தில் நடக்கும் அஞ்சலியில் கலந்துகொள்ள அனுமதி கேட்டுப் போங்கள். தொழிற்சங்கத்துக்காரர்களும் வியாபாரிகள் சங்கத்துக்காரர்களும் தோட்டக்காரர்களும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பள்ளி ஆசிரியர்கள் குமரனைப் பற்றிச் சொல்லித்தரும் வகுப்பில் சண்முகவேலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம்.

இன்னும் ஒன்று, அது நாளைக்கே தேவைப்படலாம். பக்கத்து வீட்டில் சண்டை என்று 100க்கு போன் போடும்போது, 'சண்டைங்க, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். எத்தனை பேர், குடித்திருக்கிறார்களா, கையில் அரிவாளோ கத்தியோ இருக்கிறதா, தோட்டத்துக்குள் எந்த வழியாக வர வேண்டும் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். வண்டி வரும்போது முடிந்தால் நாலு பேராகச் சாலைக்கு வந்து, வருகிற காவலரைத் தனியாக உள்ளே போக விடாதீர்கள். வருகிறவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அவர் விடிந்ததும் அங்கே திரும்பிப் போக வேண்டும்.

(தொடரும்)