வன்னிநாட்டிற் கதைகூறுங் கலை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிக் கிழக்கே செல்லும் பெருந்தெருவிலே சில கல் தொலைவில் உள்ளது முரசுமோட்டை. மோட்டை என்பது வன்னியிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் இவ்வூரின் ஆண்டு, வன்னியின் பிற ஊர்களிற் போலவே, வயலின் நிலையைக் கொண்டே வகுக்கப்படுவது. காலபோக வெள்ளாண்மை நிலத்தில் நிற்கும்வரை உழைப்புக்கும் காவலுக்குமே பொழுது சரியாகும். சூடடித்து நெல் வீடு வந்து சேர்ந்தபின் கோயிற் பொங்கல்களின் காலம் தொடங்கும். பங்குனி உத்தரத்திற் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கல். வைகாசியில் முல்லைத்தீவுக்கு அணித்தாயுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல். இடையிடையே ஊர்தோறும் சிறு தெய்வங்களுக்கு மடையும் பொங்கலும். இவற்றோடு சேர்ந்து வருவதே கதைக்காலம். கதை கேட்பது அவ்வூரவர்க்குப் பொழுதுபோக்கு மட்டும் அன்று. விளைந்த நெல்லுக்குச் செய்யும் நன்றிக்கடனின் ஒரு பகுதியும் ஆகும்.

இப்பகுதியிற் குடியிருப்போர் எல்லாரும் ஒரே வழியில் வந்தவரல்லர். வன்னியின் பழங்குடிகளோடு, 1930களிலும் அதன் பின்னரும் ஏற்பட்ட குடியேற்றங்களின் வாயிலாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தோரும் கலந்துள்ளனர். வந்தவர்கள் விதைநெல்லோடு தத்தம் ஊர்க் கூத்தையும், புராணபடன முறையையும் கொண்டுவந்தனர். ஆகவே ஒரே கோயில் வெளியிற் பலவகைக் கதைமரபுகள் அடுத்தடுத்து வழங்குவதை இங்குக் காணலாம்.

புதுக்கதை கூறுவோனுக்கு ஒரு பெருந்துணை உண்டு. அடுத்து யாது நிகழும் என்னும் ஆவல், கேட்போரை இருந்த இடத்திலே இருத்திவைக்கும். வன்னியிற் கதை கூறுவோனுக்கு அத்துணை இல்லை. காத்தவராயன் கழுவேறுவான் என்பதைத் தாயின் மடியில் உறங்கும் குழந்தையும் அறியும். கண்ணகி மதுரையை எரிப்பாள் என்பதும், சூரன் மாமரமாய் நிற்பான் என்பதும் எவர்க்கும் புதியன அல்ல. எல்லாரும் அறிந்த ஒன்றை எல்லாரும் விழித்திருந்து கேட்கும்படி கூறுவதெங்ஙனம்? இக்கலையின் நுட்பம் முழுவதும் இவ்வினாவுக்குள் அடங்கும்.

முதலிற் புராணபடனத்தை நோக்குக. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய கந்தபுராணம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை உடையது. ஆதலின் வாசிப்பு நாள்களாய் அன்றி மாதங்களாய் நீளும். வாசிப்பவர்க்கு எவ்வகைச் சுதந்திரமும் இல்லை. ஓரெழுத்துப் பிழைத்தாலும், தூணிற் சாய்ந்து கண்மூடியிருக்கும் முதியவர் ஒருவர் கண்ணைத் திறவாமலே திருத்துவர். பயன் சொல்பவர் நிலை வேறு. அவர் செய்யுளின் பொருளை விட்டு விலகுதல் ஆகாது. ஆனால் அப்பொருளுக்குட் போகும் வழியைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். கந்தபுராணத்து ஆற்றுப்படலத்தை எடுத்துக்கொண்டால், பாலாறு பெருகி வரும் தோற்றத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பயன் சொல்பவர் பெரிதும் முயன்றே விளக்கவேண்டும். ஆறே இல்லாத நிலம் அது. கனகராயன் ஆறு பெருகி இரணைமடு வான்பாய்வதைக் கண்டு, வயலைக் காக்க ஓடியவர்கள் முன்னிலையில் அதே செய்யுளுக்கு ஒரு சொல் போதும். ஈரிடத்தும் செய்யுள் ஒன்றே. கேட்போர் வேறாகியமையாற் பயன் வேறாகின்றது.

பயன் சொல்பவர் எங்கே விரிப்பார், எங்கே சுருக்குவார் என்பது அவையைப் பொறுத்தது. தத்துவப் பொருள் பொதிந்த செய்யுள் வரும்போது வித்துவான் ஒருவர் அவையில் இருப்பின் நுணுகிச் செல்வர். பெண்களும் சிறுவர்களும் மிகுந்திருப்பின், அதனை ஒரு வாக்கியத்தில் முடித்து வள்ளியம்மை தினைப்புனங் காத்த இடத்துக்கு விரைவர். தினைப்புனக் காவல் என்பது இவ்வூர்ப் பெண்களுக்கு உரை வேண்டாத பொருள் அன்றோ? பரண், கவண், கிளி, பன்றி எல்லாம் அவர்கள் அறிந்தவை. நல்ல பயன் உரையாசிரியரின் உரையைப் போன்றது அன்று. எதிரிலிருப்போரின் முகம் பார்த்து எழுதப்படுவது, எழுதியவுடன் அழிந்துபோவது.

தமிழகத்தின் வடபகுதியிலே திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரத விழாவிலும் இதற்கு இணையான அமைப்பு ஒன்று உண்டு. பகலிலே பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்துக்குப் பொருள் கூறுவார். இரவிலே அக்கதையைத் தெருக்கூத்தாக ஆடுவர். சொல்லால் அறிந்ததை மீண்டும் கண்ணாற் காணும் வாய்ப்பு அங்குண்டு. ஈழத்திலே ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் தொடங்கிய பிரசங்கமோ முற்றிலும் வேறுவகையினது. அதிற் பேசுபவர் ஒருவரே. அவை கேட்டுக் கொள்வது. கல்விப் பரப்புதலுக்கு அம்முறை பெரிதும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதியவர் கண்மூடியபடியே திருத்தும் அந்த உரிமைக்கு அதில் இடமில்லை.

இனிக் காத்தவராயன் கூத்து. வன்னியில் இது மாரியம்மனுக்குச் செய்யும் நேர்த்திக்கடனோடு பிணைந்தது. தாயின் சொல்லைக் கடந்து ஆரியமாலையை விரும்பி, முடிவிற் கழுமரம் ஏறும் ஒருவனின் கதை இது. சிந்துநடைப் பாட்டுக்களால் அமைந்தது. மாலையிற் தொடங்கினால் விடியற்புறம் முடியும். ஒருவர் பாடிய அடியைப் பக்கப்பாட்டுக்காரர் ஏற்றுப் பாட, மிருதங்கமும் உடுக்கும் தாளமும், பின்னாளில் வந்து சேர்ந்த ஆர்மோனியமும் துணை செய்யும். இவை அனைத்தையும் நடத்துபவர் அண்ணாவியார். அவரை ஆசிரியர் என்பதா, இயக்குநர் என்பதா, கதைகூறுவோர் என்பதா எனின், மூன்றும் பொருந்தும். எனினும் மூன்றும் போதா. களரியின் ஓரத்தில் நின்று அவர் நோக்குவது ஆட்டக்காரரை மட்டுமன்று, எதிரே பாய்விரித்திருக்கும் சனத்தையும் ஆகும்.

இங்கும் பாட்டுக்கள் நிலைத்தவை. பாட்டுக்களுக்கு இடையே வரும் வசனமோ பெரும்பகுதி நெகிழ்ச்சி உடையது. நள்ளிரவு கடந்து சனம் அயரும் வேளையில் ஒரு பகிடி நுழையும். அவ்வாண்டு மழை பொய்த்ததும், பன்றி புகுந்து பயிரழித்ததும், சங்கக்கடையில் உரம் கிடையாமையும் தெய்வங்களின் உரையாடலிலேயே வந்துபோகும். அடுத்த கணம் அண்ணாவியார் தாளத்தைத் தட்டுவார். கதை பழைய தடத்துக்கு மீளும். இவ்விலகலும் மீளலும் இல்லையாயிற் பன்னிரண்டு மணிநேரம் ஒரு கூட்டத்தை இருத்திவைத்தல் இயலாது.

கழுவேற்றமே இக்கூத்தின் உச்சம். விரதம் பூண்ட ஆட்டக்காரர் மரத்திற் படிப்படியாக ஏறிப் பாடுவார். கதையின் முடிவு தெரிந்தமையால் இங்கே ஆவல் குறைவதில்லை, மாறாக மிகுகின்றது. தவிர்க்க முடியாத ஒன்றுக்கு எவ்வளவு நேரம் எஞ்சியுள்ளது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருப்பர். இங்கே அண்ணாவியாரின் ஆற்றல் தாமதிப்பதில் விளங்கும். சனத்திடையே விம்மல் எழுந்தால் அதே அடியை மும்முறை, நான்முறை திருப்பிப் பாடுவிப்பார். கிழக்கு வெளுத்துவிட்டாற் சில அடிகளைத் தாண்டுவார். எந்த இரு இரவுகளிலும் கூத்து ஒரே அளவினதாய் அமையாமைக்கு இதுவே காரணம்.

வாய்மொழிக் கதை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கப்படுகின்றது என்னும் கருத்து உலக அறிஞரிடையே வலுப்பெற்றது 20ஆம் நூற்றாண்டிலேயே. மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவிலே கதைப்பாடகர்களைக் கண்டு அவர்தம் பாடல்களைப் பதிவு செய்தார். அவர் வழிவந்த ஆல்பர்ட் லோர்ட் 1960இல் வெளியிட்ட நூலிலே, அப்பாடகர்கள் மனனஞ் செய்த பாடலை ஒப்பிப்பவர் அல்லர் என்பதையும், வழிவழி வந்த சொற்றொடர்களையும் நிகழ்ச்சிக் கூறுகளையும் கொண்டு பாடும்போதே பாடலை ஆக்குபவர் என்பதையும் நிறுவினார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர்களுள் ஒருவரான பேராசிரியர் க. கைலாசபதி, இக்கொள்கையைச் சங்கப் பாடல்களோடு பொருத்தி ஆராய்ந்து 1968இல் ஒக்ஸ்போர்ட் வாயிலாக வெளியிட்ட ஆங்கில நூல் தமிழாய்வில் ஒரு திருப்பம் எனலாம்.

வன்னியின் நிலைமையோ இதனின்றும் சிறிது வேறுபட்டது. யூகோசுலாவியப் பாடகரின் பாடல் முழுவதும் நெகிழ்ந்தது. வன்னியிற் செய்யுளும் பாட்டும் இறுகியவை. ஏட்டிலோ கொப்பியிலோ எழுதிவைக்கப்படுபவை. பயனும் வசனமும் மட்டுமே இளகியவை; அவை எங்கும் எழுதப்படுவதில்லை. எழுத்தும் வாய்மொழியும் ஒன்றையொன்று வெல்லாமல் ஓரிரவு முழுவதும் அருகருகே நிற்கும் கலை இது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கண்ணகி கதை. இளங்கோவடிகளின் காப்பியத்தோடு ஈழத்துக் கண்ணகி கதை முற்றும் ஒத்ததன்று. மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை எனவும், யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை எனவும், முல்லைத்தீவிற் சிலம்பு கூறல் எனவும் வழங்கும் இக்கதையிலே கண்ணகி மாங்கனியிற் பிறக்கின்றாள். அவள் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் ஈழத்துத் தீவுகளுக்குக் கலஞ் செலுத்துகின்றான். வெடியரசனோடு போர் புரிகின்றான். கேட்போரின் கடலே கதையின் கடலாயிற்று. வீ. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த கண்ணகி வழக்குரை இம்மரபை அறிய விரும்புவோர்க்கு இன்றும் முதல் நூல்.

வற்றாப்பளையிலோ கதை இன்னும் ஒருபடி நெருங்கி வருகின்றது. மதுரையை எரித்தவள் கிழவியாய் வந்து நந்திக்கடலோரத்து இடைச்சிறுவர்களிடம் உணவு கேட்கின்றாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றவர்களிடம் கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு கூறுகின்றாள். அவள் தலையைப் பார்க்க முற்பட்ட சிறுவர் அங்கே ஆயிரங் கண்களைக் கண்டு திகைக்க, அவள் மறைகின்றாள். ஆண்டுதோறும் பொங்கலின்போது கடல்நீரால் விளக்கெரிப்பது இக்கதையை மீண்டும் கூறுவதேயன்றி வேறன்று. குடாநாட்டிற் சைவச் சீர்திருத்தத்தின் விளைவாய்க் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களை ஏற்றன. ஆங்குக் கதையும் தளர்ந்தது. வன்னியில் விளக்கும் கதையும் நிலைத்தன. இவ்விடயத்திற் கல்லாதவர் எனப்பட்டோரே சிறந்த காவலராய் இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை கொம்பன் யானையை அடக்கிய கதையும் வன்னிக்கே உரியது. அது ஒப்பாரியாய் வழங்குவதால், தொடக்கத்திலேயே தலைவி இறந்தவள். அவள் வீரத்தைக் கேட்போர் ஒவ்வோரடியிலும் அவள் சாவையும் உடன் கேட்கின்றனர்.

முரசுமோட்டையிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் அந்தத் தெரு வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டில்கள் சென்ற தெரு. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் அதே தெருவிலே சனங்கள் போரினால் ஊர்விட்டுச் சென்றனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோரிடமாய் நகர்ந்து, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். கைகளிற் கொண்டு செல்லக்கூடியவை மிகச் சில. கூத்துக் கொப்பிகளும் ஏடுகளும் உடுப்புகளும் வாத்தியங்களும் வீடுகளோடு போயின.

மீள்குடியேற்றத்தின் பின் கோயில்கள் மீண்டும் எழுந்தன. கூத்தும் படிப்பும் மீண்டன. போன பாட்டுக்கள் பெரும்பாலும் மீட்கத்தக்கவை. காத்தவராயன் நாடகம் அச்சிலும் உண்டு; கந்தபுராணம் எக்கடையிலும் கிடைக்கும். பயனும் வசனமும் அத்தகையன அல்ல. அவை அண்ணாவியாரோடும் பயன்காரரோடும் இருந்தவை. அவர்கள் பிழையைத் திருத்திய முதியவரோடும் இருந்தவை. அம்முதியவர் இல்லாத களரியிலே, அச்சிட்ட பாட்டை ஒருவர் பிழையின்றிப் பாடிவிடலாம். எங்கே தாமதிப்பது, எங்கே தாண்டுவது என்பதை அச்சு அவருக்குச் சொல்லாது.

இந்நாளிற் கூத்துக்கள் காணொளியிற் பதிவாகின்றன. விடியும்வரை இருக்க இயலாதோர்க்காக இரண்டு மணிநேரத்திற்குச் சுருக்கியும் ஆடுகின்றனர். சுருக்கும் முயற்சி புதிதன்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது அவ்வாறே செய்தார். அக்கலைக்குக் கற்றோரிடையே மதிப்பும் பெற்றுத் தந்தார். ஆனால் அன்று சுருங்கியதன் பின்னே ஊர்க்களரிகளில் முழு இரவுக் கூத்து உயிரோடு இருந்தது. இன்று சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது வசனம். பாட்டு அனைத்தும் இருக்க, மழை பொய்த்ததைத் தெய்வங்கள் பேசிக்கொள்ளும் அந்தப் பகுதி போய்விடுகின்றது. பதிவிலும் அவ்வாறே: ஒலிவாங்கி பாடுபவரை நோக்கி நிற்கின்றது, பாயில் இருப்போர் எப்போது சிரித்தனர், எப்போது விம்மினர் என்பது அதிற் தெளிவாய்ப் பதிவதில்லை. கூத்தைப் பதிவு செய்யப் புகும் மாணவர் ஒரு கருவியையேனும் சனத்தின் பக்கம் திருப்பிவைப்பாராயின், அண்ணாவியார் எந்த விம்மலைக் கேட்டு எந்த அடியைத் திருப்பிப் பாடுவித்தார் என்பதை அடுத்த அண்ணாவியார் கேட்டுப் பழகலாம்.