தாடைச் சீராக்கலும் பிள்ளைகளின் சுவாசமும்

பல்வரிசையின் ஒழுங்கின்மையைத் திருத்துவது அழகு சார்ந்த விடயமென்றே நீண்ட காலமாகக் கருதப்பட்டு வந்தது. பிள்ளைகளுக்குப் 'பல்லுக்குக் கிளிப் போடும்' பெற்றோரின் நோக்கமும் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. அண்மைய ஆண்டுகளில் இதனுடன் வேறொரு பேச்சும் சேர்ந்து கொண்டுள்ளது. தாடையைத் திருத்தினால் சுவாசப் பாதை விரியும், குறட்டை நீங்கும், பிள்ளை படிப்பிலும் முன்னேறும் என்கின்றனர் ஒரு சாரார். பற்களைப் பிடுங்கிவிட்டுக் கிளிப் போட்டால் சுவாசப் பாதை ஒடுங்கிவிடும் என்கின்றனர் மற்றொரு சாரார். முன்னையது அளவுக்கு மீறிய நம்பிக்கையையும் பின்னையது தேவையற்ற அச்சத்தையும் பெற்றோரின் மனதில் விதைக்கின்றன. உண்மை நிலையை விளக்குவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

தாடைக்கும் சுவாசத்துக்கும் தொடர்பு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. மேல் அண்ணமே மூக்குக் குழியின் தளமாகவும் அமைந்துள்ளது. நாக்கின் பிரதான தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் பொருந்தியுள்ளது. எனவே அண்ணம் ஒடுங்கியிருப்பின் மூக்கு வழி ஒடுங்குகின்றது. கீழ்த்தாடை பின்தள்ளியிருப்பின் நாக்கும் பின்னோக்கிச் சென்று தொண்டைப் பகுதியை நெருக்குகின்றது. சீராக வாயு செல்லும் ஒரு குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் அதன் தடை 16 மடங்காக அதிகரிக்கும் என்பது பௌதிகவியல் விதி. சிறு ஒடுக்கம்கூட, தசைகள் தளரும் உறக்க வேளையில் பெரும் இடராக மாறுவது இதனாலேயே.

பின்தள்ளிய கீழ்த்தாடைக்கு வளரும் பருவத்தில் கழற்றிப் பூட்டக்கூடிய கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977ஆம் ஆண்டு உருவாக்கிய 'டுவின் புளொக்' இவற்றுள் பெரிதும் அறியப்பட்டதாகும். உடல் துரிதமாக வளரும் காலமே இதற்கு உகந்தது. பெண் பிள்ளைகளுக்கு அக்காலம் ஆண் பிள்ளைகளை விடச் சற்று முன்னதாகவே வந்துவிடுகின்றது. ஒடுங்கிய அண்ணத்தை விரிக்கும் கருவியோ அண்ணத்தின் நடுப் பொருத்து இறுகுவதற்கு முன்னரே நல்ல பலன் தரும். இம்முறை புதியதன்று; 1860ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எமர்சன் ஏஞ்சல் இதனை விபரித்திருந்தார்.

இக்கருவிகளின் பின்னர் சுவாசப் பாதை சற்று விரிவடைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அண்ணம் விரியும்போது மூக்கின் தடை குறைவதும் அவதானிக்கப்பட்டுள்ளது. எனினும், இம்முடிவுகளை வாசிக்கும்போது இரு விடயங்களை மறத்தலாகாது. முதலாவது, கட்டிளம் பருவத்தினரின் சுவாசப் பாதை சிகிச்சையின்றியே வளர்ந்து விரிவடைகின்றது. மூக்கின் பின்புறமுள்ள அடினொயிட் சதையும் இப்பருவத்தில் தானாகவே சுருங்குகின்றது. எனவே சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடாத ஆய்வு, இயற்கை வளர்ச்சியையும் கருவியின் சாதனையாகக் கணக்கிட்டுவிடக்கூடும். இரண்டாவது, கதிர்ப்படங்கள் பொதுவாகப் பிள்ளை விழித்திருக்கும் நிலையில் எடுக்கப்படுபவை. உறக்கத்தில் அப்பாதை எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவை காட்டுவதில்லை. படத்தில் இடம் அகன்றிருப்பது ஒன்று. இரவில் சுவாசம் சீரடைவது மற்றொன்று.

பிள்ளைகளின் உறக்கச் சுவாசத்தடை நோய்க்கு வாய்க் கருவிகள் பயன்படுமா என்பதைக் கொக்ரேன் அமைப்பு 2016ஆம் ஆண்டு மீளாய்வு செய்தது. அப்போது அதன் தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்தது 23 பிள்ளைகளை உள்ளடக்கிய ஒரேயொரு பரிசோதனை மாத்திரமே. முடிவு கூறுவதற்குச் சான்று போதாதென அம்மீளாய்வு தெரிவித்தது. 2019ஆம் ஆண்டு அமெரிக்கப் பற்சீராக்கல் நிபுணர் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், எதிர்காலத்தில் இந்நோய் வராமல் தடுக்கும் நோக்கில் மாத்திரம் பற்சீராக்கல் செய்வதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்றே கூறியது. சில பிள்ளைகளுக்குக் கருவி துணைபுரியலாம். ஆனால் எல்லோருக்குமான மருந்தாக அதனை விற்பனை செய்வது நியாயமாகாது.

பல் பிடுங்குதல் குறித்த அச்சத்துக்கும் இதே அளவுகோலையே பிரயோகிக்க வேண்டும். அமெரிக்காவில் 5,500இற்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முன்கடைவாய்ப் பற்கள் இல்லாதோருக்கும் இருப்போருக்கும் இடையே இந்நோயின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தகுதியான நிபுணர் உரிய காரணத்துடன் பல்லை அகற்றச் சொல்லும்போது பெற்றோர் கலவரமடையத் தேவையில்லை. அதேவேளை, வளர்ச்சி முடிந்த பின்னர் செய்யப்படும் தாடைச் சத்திரசிகிச்சை வேறு விடயமாகும். கீழ்த்தாடையை முன்கொணர்வது சுவாசப் பாதையை விரிக்கின்றது; பின்தள்ளுவது அதனை ஒடுக்கக்கூடும். அத்தகைய சத்திரசிகிச்சைக்கு முன்னர் உறக்கம் பற்றிய விசாரணையும் அவசியமாகும்.

அவ்வாறாயின் பெற்றோர் செய்ய வேண்டியது யாது? முதலில் பிள்ளையின் உறக்கத்தை அவதானிக்க வேண்டும். வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் உரத்த குறட்டை, இடையே மூச்சு நின்று திணறுதல், வாயால் சுவாசித்தல், காலையில் தலைவலி, பகலில் தூக்கம், கவனச் சிதறல் ஆகியன அலட்சியம் செய்யத்தக்கவையல்ல. அதிகாலைத் தொழுகைக்கோ ரியூசன் வகுப்புக்கோ எழ முடியாது தவிக்கும் பிள்ளையைச் சோம்பேறியென ஏசுவதற்கு முன்னர், அப்பிள்ளை இரவில் உண்மையாகவே உறங்கியதா எனச் சிந்திக்க வேண்டும்.

இவ்வறிகுறிகள் காணப்படின் முதலில் நாட வேண்டியது கிளிப் போடும் இடத்தையன்று. பிள்ளை நல வைத்திய நிபுணரை அல்லது காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரையே. தடைக்குக் காரணம் பெருத்த ரொன்சிலாகவோ அடினொயிட்டாகவோ ஒவ்வாமையாகவோ அதிக உடற்பருமனாகவோ இருக்கலாம். 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இச்சதைகள் அகற்றப்பட்டோரில் 79 வீதமானோரின் உறக்கச் சோதனை ஏழு மாதங்களில் வழமைக்குத் திரும்பியது. காத்திருந்தோரிலும் 46 வீதமானோருக்கு அவ்வாறே நிகழ்ந்தது. காரணம் அறிந்து சிகிச்சை தெரிவு செய்யப்பட வேண்டும் என்பதையும், எல்லோருக்கும் அவசரச் சிகிச்சை தேவையில்லை என்பதையும் இவ்விரு எண்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

பேராதனை, கொழும்பு ஆகிய இடங்களிலுள்ள அரச பல் வைத்தியசாலைகளில் பற்சீராக்கல் நிபுணர்களின் ஆலோசனையைப் பெறலாம். தூரப் பிரதேசப் பிள்ளையொன்று அங்கு சென்றடைவது இலகுவன்று. ஆகவே உரிய வயது தவறுமுன் பிள்ளைகளை இனங்கண்டு அனுப்பும் பொறுப்பு, பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்டு. பல்லைப் பார்ப்பவர் 'பிள்ளை குறட்டை விடுகிறதா?' என்ற ஒரு கேள்வியையும் கேட்பாராயின் அதற்கு மேலதிகச் செலவேதும் ஏற்படப் போவதில்லை.

தாடைச் சீராக்கல் பயனுள்ள சிகிச்சையே. கடிக்கவும் மெல்லவும் தயக்கமின்றிச் சிரிக்கவும் அது பிள்ளைகளுக்கு உதவுகின்றது. சுவாசத்துக்கும் நன்மை கிட்டுமாயின் அது மேலதிக இலாபம். ஆனால் உறக்கத்தில் மூச்சுத் திணறும் பிள்ளைக்குக் கிளிப்பை மாத்திரம் போட்டுவிட்டு, கடமை முடிந்ததென எவரும் அமைதி கொள்ளலாகாது என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.