இரண்டாம் சனிக்கிழமையும் ஐந்து கட்டங்களும்

காரைக்காலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய கடையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, "இன்று பேங்க் லீவு, பணம் கட்டப் போக வேண்டாம்" என்று ஊழியர்களுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். மகன் கம்ப்யூட்டரில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவிடும் 'கிரான்' வைத்துக் கொடுத்திருக்கிறார். எஸ்எம்எஸ் போகிறது. ஆனால் செவ்வாயும் போகிறது, புதனும் போகிறது. "கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாதா?" என்று கேட்கிறார்.

நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் செய்கிறது.

கிரான் பழைய ஆள். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடுவது 1987இல் பால் விக்சி எழுதியதன் வழிவந்தது. வேலைக்கு ஒரு வரி. வரியின் தலைப்பில் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் சரி என்ற இடத்தில் நட்சத்திரக் குறி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறிய நவம்பர் 1 (1954), அது சட்டப்படி உறுதியான ஆகஸ்ட் 16 (1962) போன்ற, தேதி மாறாத நாட்களெல்லாம் கிரானுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இரண்டாம் சனிதான் வில்லங்கம். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிகள் விடுமுறை. இரண்டாம் சனி எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில்தான் வரும். ஆகவே பையன் தேதிக் கட்டத்தில் 8-14, கிழமைக் கட்டத்தில் 6 (சனி) என்று போட்டிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போடுவேன். கணக்கு சரி. ஆனால் மற்றக் கட்டங்களெல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று கறாராக இருக்கும் கிரான், தேதியும் கிழமையும் இரண்டுமே குறிக்கப்பட்டிருந்தால் மட்டும், 'இதுவோ அதுவோ ஒன்று பொருந்தினால் போதும்' என்று எடுத்துக்கொள்கிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். விளைவு: 8 முதல் 14 வரை ஏழு நாளும் எஸ்எம்எஸ், மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளிலும் எஸ்எம்எஸ். மாதத்துக்குப் பத்து, சில மாதம் பதினொன்று.

இது கிறுக்குத்தனமில்லை. மாதம் 1, 15 தேதிகளிலும், அதோடு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் ஒரே வரியில் முடிந்துவிடும். கிரானின் கையேடு காட்டும் உதாரணமே இதுதான். அந்த வசதிக்குக் கொடுத்த விலை, நம் ஊர் இரண்டாம் சனி.

வழி எளிது. கிரானிடம் 'ஒவ்வொரு சனியும் ஒன்பது மணி' என்று மட்டும் சொல்லுங்கள். தேதி 8-14க்குள் இருக்கிறதா என்பதை நிரலுக்குள் முதல் வரியிலேயே பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடச் சொல்லுங்கள். பைத்தானில் எழுதுகிறவர் என்றால் டான் பேடர் எழுதிய 'ஷெட்யூல்' என்ற நூலகம் உண்டு. படித்தால் கிட்டத்தட்ட ஆங்கில வாக்கியம் மாதிரியே இருக்கும். அதில் நொடி, நிமிடம், மணி, நாள், வாரம் உண்டு, மாதம் கிடையாது. அங்கேயும் இதே தந்திரம்தான். ஆனால் ஒன்று: அது அடுப்பில் பால் வைத்த என் அத்தை மாதிரி, பக்கத்திலேயே நின்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல். கரண்ட் போய் நிரல் நின்றால், அந்த நேரத்து வேலை போனது போனதுதான். தவறியதைப் பிறகு செய்ய வேண்டுமென்றால் அனாக்ரான், ஏபிஷெட்யூலர் என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாடகை சர்வர் என்றால் அதன் கடிகாரத்தையும் பாருங்கள். கிரீன்விச் கணக்கில் ஓடுகிற சர்வருக்கு நம் ஒன்பது மணி 3.30.

எனக்கு வருத்தம் வேறொன்றில். ஒரு வேலை ஏதாவது சொல்லிவிட்டால், பிழையானாலும் சரி, கிரான் அதை உரியவருக்கு மெயிலாக அனுப்பப் பார்க்கும். நம் ஆட்கள் முதல் காரியமாக அந்த வாயைத்தான் அடைக்கிறார்கள், தொல்லையாம். பிறகு பேக்கப் எடுக்கும் வேலை என்றோ நின்றுபோயிருக்கும், ஹார்ட் டிஸ்க் போகும் அன்றுதான் தெரியவரும். வேலையை ஏவத் தெரிந்தவருக்கு அது நடந்ததா என்று கேட்கவும் தெரிய வேண்டாமா?

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி: காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வாழ்த்து அனுப்ப முடியுமா? அது நடக்கும் ஆனிப் பௌர்ணமி ஜூன் நடுவிலும் வரும், ஜூலையிலும் வரும். ஐந்து கட்டத்தில் திதிக்கு இடமில்லை. பஞ்சாங்கம் பார்த்துத் தேதியை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். தினமும் காலை ஓடும் ஒரு வேலை அதைப் பார்த்து, அன்றுதான் என்றால் அனுப்பட்டும். அடுத்த வருடத் தேதியைச் சேர்க்கச் சொல்லி உங்களுக்கே டிசம்பர் 1 அன்று ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். அதற்குக் கிரானின் ஒரு வரி போதும்; கிழமைக் கட்டத்தில் மட்டும் நட்சத்திரக் குறியை விட்டுவையுங்கள்.