பேச்சுரிமையின் கதை – 17: கம்பெனித் தெருவில் ஒரு பெண்

1943 டிசம்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொபீல் நகரையொட்டி சிக்கசா என்றொரு சிற்றூர். அங்கே தபாலாபீசுக்குப் பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டு, கிரேஸ் மார்ஷ் என்ற பெண் யெகோவாவின் சாட்சிகள் சபையின் பிரசுரங்களைப் போவோர் வருவோரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னார்கள். அனுமதி உனக்குக் கிடைக்கவும் கிடைக்காது என்றும் சொன்னார்கள். மார்ஷ் நகர மறுத்தார். கைது செய்தார்கள். குற்றம்: அடுத்தவர் இடத்தில் அத்துமீறி நின்றது.

நடைபாதை எப்படி அடுத்தவர் இடமாகும்? சிக்கசாவில் ஆகும். வீடு, கடை, தெரு, சாக்கடை என்று ஊரே கல்ஃப் ஷிப்பில்டிங் கார்ப்பரேஷன் என்ற கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். ஊர்க்காவலுக்கு இருந்த துணை ஷெரீஃபுக்குச் சம்பளம் கொடுத்ததும் கம்பெனிதான். இலங்கை மலையகத்தில் தோட்ட லயன்களில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஊரை நான் விளக்க வேண்டியதில்லை. கடைக் கண்ணாடிகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: இது தனியார் இடம், எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்பனைக்கோ பிரசாரத்துக்கோ வரக் கூடாது. அங்கிருந்து 30 அடி தள்ளி அரசு நெடுஞ்சாலை ஓடியது. மார்ஷ் அங்கே போய் நின்றிருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

1946 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் ஹியூகோ பிளாக், அவரும் அலபாமாக்காரர். தன் இடத்தைத் தன் லாபத்துக்காக ஊர் மக்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அந்த அளவுக்கு உரிமையாளரின் அதிகாரம் வந்து போகிறவர்களின் உரிமைக்குக் கட்டுப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். கம்பெனி ஊரில் குடியிருப்பவரும் குடிமக்கள்தானே, அவர்களுக்கும் நாலு கருத்து காதில் விழ வேண்டாமா என்பது அதன் அடியில் இருந்த கவலை.

அதே பிளாக் 1968இல் எதிர்ப்பக்கம் நின்றார். பென்சில்வேனியாவில் அல்டூனா அருகே ஒரு வணிக வளாகம். தொழிற்சங்கத்தில் இல்லாதவர்களை வேலைக்கு வைத்த கடை முன்னால் சங்கத்தார் மறியல் செய்தார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் மார்ஷ் தீர்ப்பைக் காட்டி அதை அனுமதித்தார்கள். பிளாக் ஒப்பவில்லை: இங்கே வீடு இல்லை, தபாலாபீஸ் இல்லை, இது ஊரே இல்லை, நான் எழுதிய தீர்ப்பை இதற்கு இழுக்காதீர்கள் என்றார். 1976க்குள் நீதிமன்றமும் அவர் வழிக்கு வந்துவிட்டது. 2020இல் பிரேகர் யூ என்ற அமைப்பு, யூடியூப் எங்கள் வீடியோக்களைக் கட்டுப்படுத்துகிறது என்று மார்ஷ் வழக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது, யூடியூப் தனியார் நிறுவனம், அரசைத் தடுக்கும் சட்டம் அதைத் தடுக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பிளாக் இரண்டு முறையும் சரி என்பது என் கருத்து. ரோஜா வளர்க்கிற 200 பேர் ஒரு குழு வைத்து, இங்கே அரசியல் பேசக் கூடாது என்று விதி போட்டால் அதைத் தணிக்கை என்று சொல்ல மாட்டேன். மீறிப் பேசுகிறவரை அட்மின் வெளியே அனுப்பலாம். அவர் அடுத்த நிமிடமே வேறு குழு தொடங்கிக்கொள்வார். விதியே இல்லாத குழுவில் என்ன நடக்கிறது என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உரத்த குரல் இரண்டு மிஞ்சும். மற்றவர்கள், முதலில் பெண்கள், சத்தமில்லாமல் விலகிப் போவார்கள். பேச்சைக் காப்பாற்றவே சில நேரம் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆனால் மீன் வியாபாரமும் பள்ளிக்கூட அறிவிப்பும் கலெக்டர் ஆபீஸ் எச்சரிக்கையும் சிறுபத்திரிகைக்காரரின் வாசகர்களும் ஒரே கம்பெனியின் தளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், அது சிக்கசா ஆகிவிடுகிறது. 30 அடியில் வேறு சாலை இல்லாத சிக்கசா. அங்கிருந்து விலக்கப்பட்டவர் எங்கே போய் நிற்பது?

யாரும் எதையும் சொல்ல விடுங்கள் என்று அந்த நிறுவனங்களிடம் நான் கேட்கவில்லை. மிரட்டலும் அவதூறும் நீக்கப்பட வேண்டும். எந்த விதியை மீறினேன் என்று எனக்குச் சொல்லுங்கள். என் பதிலை நீக்கிய ஆளைத் தவிர வேறொருவர் படிக்கட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். மார்ஷுக்கு நேர்ந்த கொடுமை அந்தக் கண்ணாடி அறிவிப்பில் இல்லை. அனுமதி கேள், ஆனால் தர மாட்டோம் என்றார்களே, அதில் இருக்கிறது. சமூக நெறிகளை மீறிவிட்டீர்கள் என்று ஒற்றை வரியில் கணக்கை மூடுவதும் அதே பேச்சுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பதிவை நீக்கினால் காரணத்தை எழுதித் தர வேண்டும். இந்தியாவில் 2022இல் திருத்திய விதிகள் மேல்முறையீட்டுக் குழுக்களைக் கொண்டுவந்தன. அவற்றின் உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதலில் அரசிடமிருந்துதான் பேச்சைக் காக்கிறது. கம்பெனி கையிலிருந்த சாவியை அரசிடம் கொடுப்பது அதற்குப் பொருந்தாது. ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட, அரசுக்குக் கட்டுப்படாத அமைப்பு வேண்டும்.

அது வரும்வரை, இருக்கிற வழியையாவது பயன்படுத்துங்கள். உங்கள் பதிவையோ கணக்கையோ நீக்கினால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

(தொடரும்)